ராட்சசி என்ற சொல்லை நீக்க நீ யார்?

மாண்புமிகு சபாநாயகர் அவர்களின் மேலான பார்வைக்கு, அவருக்கு முன்னால் பிறந்த ஒரே காரணத்தால் அக்காள் ஆனவள் பணிவுடன் எழுதிக்கொள்வது. நான் நலமா என்று நீ கேட்கப்போவதில்லை. ஆகவே அதை எழுதி மையை வீணாக்கவில்லை. நீ நலமா என்று நானும் கேட்கவில்லை, தினமும் டிவியில் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன். நேற்று இடது கண்ணைக் கசக்கினாய். எதிர்வரிசையில் இருக்கிற கட்டைக்குரல்காரர் "சபாநாயகர் தூங்குகிறார்" என்று கத்தினார். அது தூக்கமில்லை, தலைவலி வருவதற்கு முன்னால் நீ சின்ன வயசிலிருந்து செய்கிற காரியம் என்று அவருக்கு யார் சொல்வது? எனக்கு அங்கே பேச அனுமதி இருந்தால் எழுந்து சொல்லியிருப்பேன்.

விஷயம் இதுதான். உன் மனைவி பெட்டியோடு என் வீட்டில் இருக்கிறாள். வந்து அழைத்துக்கொண்டு போ.

இத்தோடு கடிதத்தை முடித்திருக்கலாம். ஆனால் உனக்கு இரண்டு வரியில் எழுதினால் அதைப் பரிசீலனையில் இருக்கிறது என்று ஒதுக்கிவைத்துவிடுவாய். நான் உன்னை அறியாதவளா? நீ நீதிபதியாய் இருந்த காலமெல்லாம் உன் வீட்டில் எது கேட்டாலும் ஒத்திவைப்புதான். சமையலறைக் கூரை ஒழுகியது, ஒத்திவைத்தாய். அவள் அண்டாவை வைத்துத் தண்ணீர் பிடித்தாள். உன் மகள் வந்து கணக்கு எடுக்கட்டுமா அறிவியல் எடுக்கட்டுமா என்று கேட்டாள், நீ இரண்டு தரப்பையும் கேட்டுத்தான் சொல்ல முடியும் என்றாய். இருந்ததே ஒரு தரப்பு, அது அந்தக் குழந்தைதான். நீ முடிவு சொல்வதற்குள் அது படித்து முடித்து, வேலைக்குப் போய், கல்யாணமும் செய்துகொண்டு, பிள்ளையையும் பெற்றுவிட்டது. என் வழக்கை மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. கீழ்வீட்டுத் தையல்காரன் வாடகையும் தராமல் காலியும் செய்யாமல் இருந்தானே, அந்த வழக்கு நேராக உன் நீதிமன்றத்துக்கே வந்தது. நீ உறவுக்காரர் வழக்கை விசாரிக்கக் கூடாது என்று விலகிக்கொண்டாய். சரி, நியாயம். அடுத்து வந்த நீதிபதி நான் உன் அக்காள் என்று தெரிந்ததும், உனக்காகச் சலுகை காட்டினதாகப் பேர் வந்துவிடுமே என்று பயந்துபோய் தையல்காரனுக்கே தீர்ப்பு சொல்லிவிட்டார். உலகத்தில் எல்லோருடைய வழக்கையும் ஒரு நீதிபதி கெடுப்பார், என் வழக்கைக் கெடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. இன்றுவரை அவன் மெஷின் என் கட்டிலுக்கு நேர் கீழே ஓடுகிறது. பள்ளிக்கூடம் திறக்கிற மாதத்தில் டம்ளரில் போட்டிருக்கிற என் பல்செட் தானாகக் கிடுகிடுவென்று பேசுகிறது.

பிறகு ஓய்வு பெற்றாய். இனிமேலாவது வாயைத் திறப்பாய் என்று உன் மனைவி தன் நாற்காலியை உன் நாற்காலிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுவைத்திருந்தாள். அது சூடாவதற்குள் கட்சிக்காரர்கள் வந்துவிட்டார்கள். உன்னைப்போல யார் பக்கமும் சாயாத ஆள் கிடைக்கமாட்டார் என்றார்கள். அது உண்மைதான், நீ பெண்டாட்டி பக்கமே சாய்ந்ததில்லை. தேர்தலில் நின்றாய், ஜெயித்தாய், சபாநாயகர் ஆனாய். அத்தனை பேருக்கும் மேலே உயரமான நாற்காலி என்றதும், பாவம், இத்தனை காலம் அடக்கிவைத்திருந்ததையெல்லாம் இனிப் பேசித் தீர்ப்பான் என்று நம்பி, அக்கம்பக்கத்தாரையெல்லாம் கூப்பிட்டு டிவி முன்னால் உட்காரவைத்தேன். நீ "அமருங்கள்" என்றாய். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் "அமருங்கள்" என்றாய். மணியை அடித்தாய். எதிர்வீட்டு நர்ஸ் எழுந்து, "பாட்டி, உங்க தம்பி பேச ஆரம்பிச்சதும் கூப்பிடுங்க, எனக்கு டியூட்டி இருக்கு" என்று போனவள்தான். இன்னும் அவளைக் கூப்பிட எனக்கு ஒரு சந்தர்ப்பம் வரவில்லை.

இப்போது உன் மனைவி விஷயம். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கூட்டவுமில்லை குறைக்கவுமில்லை. நீங்கள் சாப்பாட்டு மேஜையில் இருந்தீர்களாம். நீ பேப்பர் படித்துக்கொண்டிருந்தாயாம்.

"உங்க அக்காவைப் பார்த்து ரொம்ப நாளாச்சு. அந்த ராட்சசி தனியா கிடக்குது. ஒரு நடை பார்த்துட்டு வரலாமா?" என்றாளாம்.

நீ தலையைத் தூக்காமல், "ராட்சசி என்ற சொல் அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்படுகிறது" என்றாயாம்.

"என்னது?"

"அமருங்கள்."

"உக்காந்துதானே இருக்கேன்!"

தம்பி, இங்கே நிறுத்தி ஒன்று கேட்கிறேன். ராட்சசி என்ற சொல்லை நீக்க நீ யார்? அவள் என்னை அப்படிச் சொல்வது எனக்கும் அவளுக்கும் நடுவில் உள்ள விவகாரம். முதல்முதலாக இந்த வீட்டுக்குச் சாப்பிட வந்த அன்றே, "அண்ணி, உப்பு தீர்ந்துபோச்சா?" என்று கேட்டவள் அவள். "உனக்கு நாக்குதான் தீர்ந்துபோகலை" என்று நான் சொன்னேன். அன்றைக்கு என் முகத்துக்கு நேராக ராட்சசி என்றாள். நான் அவளை என்னவெல்லாம் சொன்னேன் என்பதும் எனக்கு வரிசையாக ஞாபகம் இருக்கிறது. இவ்வளவையும் நாங்கள் இருவரும் பத்திரமாக வைத்திருக்கும்போது, நடுவில் வந்து நீ ஒரு சொல்லை உருவி எடுத்தால் என்ன அர்த்தம்?

அவளும் அதைத்தான் கேட்டிருக்கிறாள். "இந்த வீட்டுல நான் சொன்ன எதையாவது விட்டுவெச்சிருக்கீங்களா? அப்ப என்னையும் நீக்கிடுங்க. நான் கிளம்பட்டுமா?" என்று கேட்டாளாம். நீ பழக்கதோஷத்தில், "ஆதரிப்போர் ஆம் என்க" என்றாயாம். சமையற்காரர் கரண்டியோடு வந்து "ஆம்" என்றாராம். சாவி வாங்க வந்த டிரைவர், ஐயா என்ன கேட்கிறார் என்றே தெரியாமல் "ஆமாங்கய்யா" என்றாராம். "ஆம் என்போரே அதிகம், தீர்மானம் நிறைவேறியது" என்று சொல்லிவிட்டு நீ பக்கத்தைத் திருப்பினாயாம். சமையற்காரர் விஷயம் புரிந்து அழுதுவிட்டார் என்று கேள்வி. நீ ஓட்டுப் போடவில்லை. இரண்டு பக்கமும் சமமாக வந்தால்தான் சபாநாயகர் போடுவாராமே? அவள் "இல்லை" என்று சொல்லாமலே இருந்தாளாம். ஏனடி என்று கேட்டேன். "அவர் சொல்லுவார்னு பார்த்துக்கிட்டே நின்னேன் அண்ணி" என்றாள்.

முந்தாநாள் உன் உதவியாளர் மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வந்து நின்றார். "மாண்புமிகு சபாநாயகர், அம்மையாரின் வருகையை எதிர்நோக்குகிறார்" என்றார்.

"அவர் வாயால சொன்னாரா, நீங்களா சேர்த்துக்கிட்டீங்களா?" என்றேன்.

"ஐயா தலையை ஆட்டினாரும்மா."

"மேலயும் கீழயுமா, பக்கவாட்டிலயா?"

"அதுதாம்மா எனக்கும் சரியாத் தெரியலை" என்றார் பாவம். அவருக்கு மோர் கொடுத்து அனுப்பினேன்.

ஆகவே நீயே வரவேண்டும். எனக்கு முடியவில்லை, தம்பி. இந்த வயதில் ஒரு விருந்தாளியைத் தாங்குகிற உடம்பா இது? நான் கழுவின பாத்திரத்தை எடுத்து மறுபடி கழுவுகிறாள். நான் திறந்த ஜன்னலை மூடுகிறாள். எனக்கு வலது காது கேட்காது என்று தெரிந்து இடது பக்கமாகவே வந்து உட்கார்ந்து, காலையிலிருந்து இருட்டும்வரை பேசுகிறாள். உன்னோடு குடித்தனம் நடத்தின காலத்தில் மிச்சம்பிடித்த பேச்சையெல்லாம் என் தலையில்தான் கொட்டுகிறாள். என் மகள்வயிற்றுப் பேத்தி வந்து பார்த்துவிட்டு, "பாட்டி, உங்க ரெண்டு பேர்ல யாரு யாருகிட்ட மாட்டிக்கிட்டீங்க?" என்று கேட்கிறது. காரை அனுப்பாதே, உதவியாளரை அனுப்பாதே. கோப்பு, மணி, அமருங்கள் எதையும் கொண்டுவராதே. படியேறி வந்து, அவள் முகத்தைப் பார்த்து, உன் சொந்த வாயால் "வா, வீட்டுக்குப் போகலாம்" என்று சொல். சொன்னால் போதும், அடுத்த நிமிஷம் பெட்டியை நானே தூக்கிக் கொடுக்கிறேன்.

மூத்தவள் என்ற ஒரே தகுதியில் சொல்கிறேன், நீ தலைவலியில்லாமல் நன்றாக இரு. உன் சபையில் உள்ளவர்களும் தொண்டை கெடாமல் இருக்கட்டும். கட்டைக்குரல்காரருக்கும் என் விசாரிப்பைச் சொல்.

இப்படிக்கு,
உன் அக்காள்

பின்குறிப்பு: இதை ஒட்டுவதற்கு முன்னால் அவளுக்குப் படித்துக் காட்டினேன். "சரி அண்ணி, அவர் வந்தா போயிடறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் புடவைகளை மடிக்க ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு சத்தமே இல்லை. நான் ஜன்னலைத் திறந்தேன், வந்து மூடவில்லை. பாத்திரத்தைக் கழுவி வைத்தேன், அது வைத்த இடத்திலேயே இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்தேன், பிறகு போய்ப் பெட்டியைப் பிடுங்கிப் பரண்மேல் ஏற்றிவிட்டேன். ஏறினதில் இடுப்பு பிடித்துக்கொண்டது, அவள்தான் தைலம் தேய்த்துவிட்டாள், தேய்த்துக்கொண்டே திட்டினாள். ஆகையால் மேலே எழுதினது எதையும் எடுத்துக்கொள்ளாதே. அவளைக் கூட்டிப்போக வராதே, அனுப்பமாட்டேன். உனக்கு அந்த நாற்காலி அலுத்துப்போன அன்று நீயும் இங்கேயே வந்துவிடு. வரும்போது தலையணை எடுத்துவா. இங்கே இரண்டுதான் இருக்கிறது, இரண்டுக்கும் ஆள் இருக்கிறது.