எங்கள் வீட்டு வாசலில் விழுந்த சிவப்புக் குறி

வீட்டில் ஒருத்தி கம்ப்யூட்டர் படித்துத் தொலைத்தால், ரேஷன் கார்டு திருத்தத்திலிருந்து வாஷிங் மெஷின் ரிப்பேர் வரைக்கும் அவள் தலையில்தான் விழும். எங்கள் வீட்டில் அந்த ஒருத்தி நான். பி.எஸ்சி. முடித்துவிட்டு (மூன்று அரியர் இருந்த கதை இங்கே வேண்டாம்) வேலை கிடைக்காமல் இரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தேன். அந்த லட்சணத்தில்தான் என் மச்சானின் ஓட்டலைக் காப்பாற்றப் புறப்பட்டேன்.

மச்சான் என்றால் ராத்தாவின், அதாவது என் அக்காவின், மாப்பிள்ளை. எங்கள் அதிராம்பட்டினத்தில் கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். மச்சானும் வந்தார். வந்த நாற்பதாம் நாள் சவூதிக்கு விமானம் ஏறிவிட்டார். அப்புறம் பன்னிரண்டு வருஷம் அங்கேதான். ஒரு தடவை லீவில் வந்து நின்றவரைப் பார்த்து அவருடைய சின்ன மகள், "போன்ல இருக்கிற வாப்பா எங்க?" என்று கேட்டுவிட்டாள். போதும் இந்தப் பிழைப்பு என்று மச்சான் அன்றைக்கே முடிவெடுத்தார்.

ஊருக்கு வெளியே கிழக்குக் கடற்கரைச் சாலையில் 'பாய்மரம்' என்று ஓட்டல் வைத்தார். நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் போகிற கார்கள் அந்த வழியாகத்தான் போகும். போகும், அவ்வளவுதான், நிற்காது. மூன்று மாதம் பார்த்துவிட்டு மச்சான் ராத்தாவிடம் சொன்னார்: "இந்த ஸ்கூல் லீவு மாசம் பாப்போம். இதுலயும் ஓடலன்னா திரும்பக் கிளம்ப வேண்டியதுதான். பழைய முதலாளி இன்னும் கூப்புடுறாரு." ராத்தா அடுப்படிக்குப் போய் வெங்காயம் உரிப்பதாகச் சொல்லிக்கொண்டு அழுதாள். அன்றைக்கு வீட்டில் வெங்காயமே இல்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. "மச்சான், இப்பல்லாம் யாரு போர்டு பாத்து வண்டிய நிறுத்துறாங்க? போன்ல 'பக்கத்துல நல்ல பிரியாணி'ன்னு தேடுவாங்க. மேப்புல நம்ம கடையே இல்ல. நான் போட்டுத் தர்றேன்."

"உனக்கு அதெல்லாம் தெரியுமா ஷமீமா?"

"படிச்சிருக்கேன் மச்சான்." (எந்தப் பாடத்திலும் இது இல்லை.)

கட்டிலில் சாய்ந்தபடியே வேலையை ஆரம்பித்தேன். பிரியாணி போட்டோ, திறக்கும் நேரம், கார் நிறுத்த இடம், குடும்பத்தோடு உட்காரும் வசதி, ஒன்று விடவில்லை. கடைசியில் மேப் ஒரே ஒரு கேள்வி கேட்டது: இப்போது நீங்கள் இருக்கும் இடம் இதுதானா? நான் உண்மையைத்தானே சொல்ல முடியும்? ஆமாம் என்று அமுக்கினேன். கடை மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, நான் வீட்டுக் கட்டிலில் கிடக்கிறேன் என்பது அந்தப் படித்த மண்டைக்கு உறைக்கவில்லை.

லீவு மாதத்தின் முதல் ஞாயிறு. கூட்டத்தைச் சமாளிக்க நானும் கடைக்குப் போயிருந்தேன். மச்சான் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு வாசலில் நின்றார். பன்னிரண்டரைக்கு என் போனில் கணக்கு வந்தது. ஐந்து பேர் வழி கேட்டிருக்கிறார்கள்.

"அஞ்சு வண்டி வந்துகிட்டிருக்கு மச்சான்."

மச்சான் இன்னொரு சட்டி பிரியாணிக்கு தம் போடச் சொன்னார். ஒரு மணி ஆனது, ஒன்றரை ஆனது. சாலையில் ஒரு மாடு மட்டும் நின்று எங்களைப் பார்த்துவிட்டுப் போனது.

அப்போது உம்மாவிடமிருந்து போன். "நெய்ச்சோறு தீந்துபோச்சு. வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்காங்க. மருமவன்ட்ட சொல்லி ஒரு சட்டி பிரியாணி அனுப்பு."

மச்சான் கொஞ்சமும் யோசிக்காமல் ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார். பத்து நிமிஷத்தில் மறுபடியும் உம்மா. "தால்சாவும் வேணும். இனிப்புக்கு வட்டிலப்பம் இருந்தா அதையும் குடுத்துவிடு."

"யாரும்மா இத்தனை பேரு?"

"யாரு கண்டா? பாய்மரம் இதானேன்னாங்க. எங்க மருமவன் கடைதான்னேன். சாப்புட வந்தோம்னாங்க. வீடு தேடி வந்தவங்களக் கடைக்குப் போன்னா மருமவனுக்குத்தானே அசிங்கம்?"

மேப்பைத் திறந்தேன். சிவப்புக் குறி எங்கள் வீட்டு வாசலில் நின்றது.

மச்சானின் பைக்கில் பறந்து போனோம். எங்கள் கூடத்தில் பாய் விரித்து, ஒரு சஹனுக்கு நாலு பேராகச் சுற்றி உட்கார்ந்து, முன்பின் தெரியாத இருபது பேர் அந்தப் பெரிய தட்டுகளில் மச்சானின் பிரியாணியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தஞ்சாவூரிலிருந்து வந்த ஒரு பெரியவர் விரலைச் சூப்பியபடி, "ஓனர் நீங்களா தம்பி? பில் கேட்டா அந்தம்மா கோவிச்சுக்கிட்டாங்க" என்றார். மச்சான் என்னைப் பார்த்தார், சஹனைப் பார்த்தார். "பரவால்ல சார். வட்டிலப்பம் சாப்டீங்களா?" என்றார். பாவம், வேறு என்னதான் கேட்பார்?

அங்கேயே நின்று குறியைக் கடைக்கு நகர்த்தினேன். 'உங்கள் திருத்தம் பரிசீலனையில் உள்ளது' என்று வந்தது. அது பரிசீலிப்பதற்குள் வந்தவர்கள் எல்லாம் ஐந்து நட்சத்திரம் கொடுத்து, எங்கள் கூடம், வாப்பாவின் சாய்வு நாற்காலி, கொல்லைக் கொடியில் காயும் என் சுடிதார் என்று போட்டோவும் போட்டுவிட்டார்கள். 'பெற்ற தாயைப் போல் கவனிக்கிறார்கள். காசு வாங்குவதில்லை.' இந்த ஓட்டல் இங்கேதான் இருக்கிறதா என்று மேப் அவர்களைக் கேட்டதாம். நன்றி மறக்காத மனுஷர்கள், ஆமாம் என்றிருக்கிறார்கள். என் திருத்தம் தள்ளுபடி. மறுபடி போட்டேன், மறுபடியும் தள்ளுபடி. மொத்தமாக அழித்துப் பார்த்தேன். இரண்டே நாளில் யாரோ நல்லவர் திரும்பச் சேர்த்துவிட்டார்.

'ஓட்டல் இங்கே இல்லை' என்று கதவில் எழுதி ஒட்டினேன். ஒருவர் அதையும் படம் பிடித்து, 'போர்டுகூட வித்தியாசமாக வைத்திருக்கிறார்கள்' என்று எழுதினார். பிரியாணி என்று தேடினால் அந்த வட்டாரத்திலேயே எங்கள் வீடுதான் முதலில் வந்தது. வந்தவர்களைக் கடைக்குத் திருப்பிவிட ராத்தா வாசலில் காவல் இருந்தாள். உம்மா பின்னாலேயே வந்து, "வெயில்ல வந்திருக்காங்க, ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போகட்டும்" என்பார். சாப்பிட்டவர்கள் மறுபடி எதற்குக் கடைக்குப் போகிறார்கள்?

லீவு மாதம் இப்படியே முடிந்தது. மச்சான் பெட்டி கட்டினார்.

கிளம்புகிற அன்று நான் அறையை விட்டு வெளியே வரவில்லை. அவரே வந்து கதவைத் தட்டினார்.

"என்னாலதான் மச்சான்."

"விடு ஷமீமா. சாப்பாடு நல்லால்லன்னு ஒருத்தர்கூடச் சொல்லலல்ல."

கன்னத்தில் நாலு அறை விட்டிருந்தால் தேவலை என்றிருந்தது.

நாலு வருஷம் ஆகிறது. கடை இருந்த இடத்தில் இப்போது பஞ்சர் ஒட்டுகிறார்கள். குறி மட்டும் எங்கள் வாசலை விட்டு நகரவில்லை. இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை யாராவது வந்து நிற்கிறார்கள், உம்மா சஹன் எடுக்கிறார். போன வருஷம் என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம்கூட ராத்தா, "மேப் பாத்து வந்தீங்களா, தரகர் சொல்லி வந்தீங்களா?" என்று கேட்டு மானத்தை வாங்கினாள்.

போன மாதம் புதிதாக ஒரு விமர்சனம் விழுந்தது. ஐந்து நட்சத்திரம். எழுதியவர் மச்சான். 'சாப்பாடு, கவனிப்பு எல்லாம் அருமை. தூரம்தான் கொஞ்சம் அதிகம்.'

வீட்டுக்கு யார் வந்தாலும் ராத்தா இதை வாசித்துக் காட்டிச் சிரிக்கிறாள். சிரித்து முடித்ததும், வெங்காயம் உரிக்க வேண்டும் என்று அடுப்படிக்குப் போய்விடுகிறாள்.