கலயத்தின் மேல் ஏறிய சொறி மீன்

ஆண்டியின் கால் பெருவிரலுக்கும் அலைக்கும் நடுவே ஒரு சாண் இருக்கும்போது விசில் அடித்தது.

அப்படியே ஒற்றைக் காலில் நின்றுவிட்டார். தோளில் அப்பா. அதாவது, மஞ்சள் துணியால் வாய் கட்டிய மண் கலயத்தில் அப்பாவின் சாம்பலும் நாலு எலும்பும்.

"பெரியவரே! அங்கயே நில்லுங்க! சொறி வந்திருக்கு!"

இருபது அடி தள்ளிக் காய்ந்த மணலில் ஒரு ஆள் கையை ஆட்டிக்கொண்டு நின்றான். நாற்பது வயது இருக்கும். ஆரஞ்சு சட்டை, கழுத்தில் விசில், நெஞ்சில் 'உயிர் காப்பாளர் ராபர்ட்' என்ற அட்டை. பக்கத்தில் ஒரு போர்டு.

தேவனாம்பட்டினத்துக்கு வடக்கே, கூட்டம் வராத கரை அது. புதன்கிழமை. ஆண்டியையும் அக்கா தில்லையம்மாளையும் அக்கா புருஷன் மணவாளனையும் இந்த ஆளையும் தவிர ஈ காக்கை கிடையாது. கூட்டம் இருந்தால் யாராவது பார்ப்பார்களே என்று அக்காதான் இந்த இடத்தைப் பார்த்து வைத்திருந்தாள். ஆண்டி தண்ணீரில் இறங்கப் பயப்படுவார் என்பது அவளுக்குத் தெரியும்.

ஆண்டிக்கு ஐம்பத்தாறு வயது. சிதம்பரத்தில் நெல் குடோனில் மூட்டை தூக்குகிறவர். நூறு கிலோ மூட்டையோடு லாரிப் பலகையில் ஏறச் சொன்னால் ஏறிவிடுவார். முழங்காலுக்கு மேல் தண்ணீர் என்றால் கரையிலேயே நின்றுவிடுவார்.

அப்பா கடைசி நாலு வருஷம் திருவந்திபுரத்தில் அக்கா வீட்டில்தான் இருந்தார். சாகும்போது அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"என்னைக் கெடிலம் ஆத்துல விட்டுடாதீங்கடா. தண்ணியே இருக்காது, அங்கயே கெடப்பேன். கடல்ல விடுங்க."

அதற்கு அக்கா சொன்ன முறைகள் நாலு. கலயத்தை வழியில் தரையில் வைக்கக் கூடாது. வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவரக் கூடாது. மகன் மார்பளவு தண்ணீரில் நின்று கலயத்தை விட்டு, மூன்று முழுக்கு போட வேண்டும். பன்னிரண்டு மணிக்கு ராகு காலம் பிறப்பதற்குள் முடிக்க வேண்டும்.

இப்போது மணி பத்தே முக்கால்.

"சொறின்னா என்னா சார்?" என்றார் ஆண்டி, இறக்காத காலோடு.

"போர்டப் படிங்க."

ஆண்டி போன வருஷம்தான் சாயங்கால வகுப்பில் எழுத்துப் படித்தவர். போர்டு எதைக் கண்டாலும் எழுத்துக் கூட்டாமல் விடமாட்டார். கலயத்தோடு போய் நின்று படித்தார்.

"சொ...றி மீன். கொட்-டும். தி...ருக்கை. வாலில் வி-ஷ முள். க...டல் பாம்பு. கொ-டிய விஷம். கெ...ளுத்தி. மு-ள் குத்தும்."

படிக்கத் தெரியாத வரைக்கும் கடல் வெறும் தண்ணீராகத்தான் இருந்தது. இப்போது பார்த்தால் ஒவ்வொரு அலைக்குள்ளேயும் போர்டில் இருந்த படம் ஒவ்வொன்று நெளிந்தது.

"என்னா மச்சான் நின்னுட்ட?" என்றார் மணவாளன். "திருக்கையெல்லாம் நான் கொழம்புலயே பாத்திருக்கேன்."

"கொழம்புல இருக்கறப்ப அது சாதுதான்" என்றான் ராபர்ட். "உசுரோட மணலுக்குள்ள பதுங்கிக் கெடக்கும். மிதிச்சீங்கன்னா வாலால ஒரு போடு. அலறுற அலறல் கடலூர் பழைய டவுன் வரைக்கும் கேக்கும்."

"பாம்பு?"

"அது தானா வந்து கடிக்காது. கைல கால்ல மாட்டினா கடிக்கும். கடிச்சா வலிக்கவே வலிக்காது."

"வலிக்காதா?" ஆண்டி முகம் கொஞ்சம் தெளிந்தது.

"அதான் மோசம். கடிச்சதே தெரியாம வீட்டுக்குப் போயிடுவீங்க. அப்புறம்தான் ஒடம்பு கட்டை மாதிரி ஆயிடும்."

ஆண்டி கலயத்தைத் தோள் மாற்றினார். நெல் மூட்டையை விட அப்பா கனத்தார்.

"அக்கா, இங்கியே ஓரமா, கணுக்கால் தண்ணியில விட்டுட்டா என்னா?"

"ஓரமா விட்டா அலை திருப்பிக் கொண்டாந்துடும்டா! கலயம் கரைக்குத் திரும்புச்சுன்னா அப்பா கோவிச்சிக்கினு வர்றாருன்னு அர்த்தம்."

"நீ மூட்டை தூக்கற ஆளாச்சே" என்றார் மணவாளன். "இங்கேருந்தே வீசிடு மச்சான். அலை தாண்டிப் போயிடும்."

ஆண்டிக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. அக்கா வாயைத் திறப்பதற்குள் இரண்டு கையாலும் கலயத்தைத் தூக்கி, "அப்பா, மன்னிச்சிக்க" என்று எறிந்தார். கலயம் இரண்டு அலையைத் தாண்டித் தொப்பென்று விழுந்தது.

"பாத்தியா!" என்றார் மணவாளன்.

பார்த்தார்கள். கலயம் முங்கியது, எழுந்தது, இடமும் வலமும் ஆடியது. பிறகு மூன்றாவது அலை அதைத் தூக்கிக்கொண்டு வந்து, கொஞ்சம்கூடக் கீறல் விழாமல், ஆண்டியின் காலடியில் வைத்துவிட்டுப் போனது.

"அய்யோ! அப்பா!" என்று அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "கோவிச்சிக்கினாரு! நேரா ஓங்காலுக்கே வந்திருக்காரு பாருடா!"

தரையில் வைக்கக் கூடாதே என்று ஆண்டி குனிந்தார். குனிந்தவர் கை பாதியில் நின்றது.

கலயத்தின் கழுத்தில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. கஞ்சி ஆறி உறைந்த மாதிரி, கண்ணாடி மாதிரி, ஓரத்தில் லேசாக நீலம். அதிலிருந்து நூல் நூலாகத் தொங்கிற்று.

"தொடாதீங்க!" ராபர்ட் விசிலை ஊதிய ஊதலில் மணவாளனின் செருப்பு நழுவியது. "அதான் சொறி! செத்துக் கெடந்தாலும் கொட்டும்! அந்த நூல்லதான் அவ்வளவு வெஷமும்!"

அப்பா தரையில் கிடக்கிறார். அப்பா மேல் சொறி உட்கார்ந்திருக்கிறது. எடுக்கவும் முடியாது, விடவும் முடியாது. மணி பதினொன்று பத்து.

"டேய், எடுடா அத! அப்பாவுக்கு எரியப் போவுது!" என்றாள் அக்கா.

"அவருக்கு இனிமே என்னா எரியும்?" என்றார் மணவாளன். "அன்னைக்கே எரிச்சிட்டோமே."

அக்கா பார்த்த பார்வையில் மனிதர் மூன்றடி பின்வாங்கினார்.

ஆண்டி தோள் துண்டை நாலாக மடித்துக் கையில் சுற்றினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு, சொறியைத் துண்டோடு சேர்த்து வழித்துத் தூர எறிந்தார். துண்டை உதறினார். கலயத்தின் மேல் ஈர மணலைப் போட்டு வழித்துவிட்டுத் தோளில் ஏற்றினார். ஏற்றியதும் அப்பாடா என்று இருந்தது. நெற்றியில் வேர்வை. அதே துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்தார்.

ஒரு நிமிஷம் ஒன்றும் இல்லை. பிறகு வலது கன்னத்தில் யாரோ அடுப்பில் கனலும் கரித்துண்டை எடுத்துக் கோடு கிழித்த மாதிரி இருந்தது.

"அம்மா!"

"தேய்க்காதீங்க! தேய்க்காதீங்க! நல்ல தண்ணி ஊத்தாதீங்க!" என்று கத்தினான் ராபர்ட்.

ஆண்டி தேய்த்து முடித்திருந்தார். அக்கா பாட்டில் தண்ணீரில் பாதியை முகத்தில் ஊற்றி முடித்திருந்தாள். ஒரு கோடாக இருந்த எரிச்சல் கன்னம் முழுக்கப் பரவிற்று.

"செத்துருவனா சார்?"

"மூச்சு முட்டுதா?"

கேட்டதும் முட்டியது.

"நெஞ்சு வலிக்குதா?"

வலித்தது.

"கொமட்டுதா?"

"ஆமா சார். எல்லாம் இருக்கு. நீங்க கேக்கக் கேக்க வருது."

"அப்ப பயம்தான். கடல் தண்ணி ஊத்தணும். ஊத்திட்டு, நூலு ஏதாச்சும் ஒட்டியிருந்தா எடுக்கணும்."

"ஊத்துங்க சார்!"

ராபர்ட் பிளாஸ்டிக் மக்கை எடுத்துக்கொண்டு அலைக்கருகே போனான். குனிந்தான். அலை வந்தது. மூன்றடி பின்னால் தாவினான். மறுபடி போனான், குனிந்தான், தாவினான்.

"என்னாங்க பண்றீங்க?" என்று அலறினாள் அக்கா.

"பெரிய அலைக்குப் பாக்குறேன். அதுலதான் உப்பு ஜாஸ்தி."

அக்கா மக்கைப் பிடுங்கினாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முழங்கால் வரைக்கும் இறங்கி மொண்டு வந்து தம்பி முகத்தில் ஊற்றினாள். கண்ணாடி நூல் ஒன்று கன்னத்தில் ஒட்டியிருந்ததை ராபர்ட் ஒரு சாக்லேட் தாளால் எடுத்தான். எரிச்சல் கொஞ்சம் மட்டுப்பட்டது.

"அக்கா, நீயே எறங்கிட்டியே. அப்படியே நீயே விட்டுடேன்."

"பொம்பள விட்டா ஊரு ஏத்துக்குமாடா?"

"மாமா?"

மணவாளன் கடலைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார், மச்சானின் கன்னத்தைப் பார்த்தார். அது பன் மாதிரி உப்பியிருந்தது.

"எனக்கொண்ணும் இல்ல மச்சான். ஆனா மகன் உசுரோட இருக்கையில மருமவன் விட்டா, மகனுக்கு ஆயுசு கம்மி. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

மணி பதினொன்று நாற்பது.

ஆண்டி கலயத்தைப் பார்த்தார். நாலு வருஷமாக மாதம் ஒருமுறை, பஸ் ஏறி வந்து, வாசலில் நின்று, "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டுவிட்டுப் போனதுதான் அவர் அப்பாவுக்குச் செய்தது. குடோனில் லீவு கிடையாது. அப்பாவும் ஒன்றும் கேட்டதில்லை. கேட்டது இந்தத் தண்ணீர் ஒன்றுதான்.

"கொட்டினது கொட்டிடுச்சு" என்றார் ஆண்டி. "எறங்கறேன்க்கா."

விசில் அடித்தது.

"வேணாம் பெரியவரே! கெளுத்தி முள்ளு காலுல ஏறினா..."

"ஏறட்டும் சார்."

"திருக்கை!"

"திருக்கைக்கு என்னா பண்ணணும், அதச் சொல்லுங்க."

ராபர்ட் அலையை விட்டு ஒரு அடி தள்ளி நின்றுகொண்டான். "காலத் தூக்கி வைக்கக் கூடாது. மணல்லயே இழுத்து இழுத்து நடக்கணும். சத்தம் கேட்டா அதுவே வெலகிடும்."

"சரி. நீங்க கூட வாங்க."

"நானா?"

"நீங்க பக்கத்துல இருந்தா எனக்குத் தைரியமா இருக்கும் சார். எல்லா மீனையும் தெரிஞ்ச ஆளு."

"எனக்கு அப்படியெல்லாம் ரூல் இல்ல..."

ஆண்டி அவன் மணிக்கட்டைப் பிடித்தார். முப்பத்தைந்து வருஷம் மூட்டையின் காதைப் பிடித்த கை. அது பிடித்தால் பிடித்ததுதான். ராபர்ட்டின் குதிகால் காய்ந்த மணலில் இரண்டு வாய்க்கால் கிழித்துக்கொண்டே போனது.

"பாரு, கரையிலேயே கால இழுத்து இழுத்து நடந்து காட்டுறாரு" என்றாள் அக்கா. "தங்கமான மனுஷன்."

கணுக்கால். முழங்கால். இடுப்பு. ஆண்டிக்குப் பல் அடித்துக்கொண்டது. ஒரு தோளில் கலயம், இன்னொரு கையில் ராபர்ட். ராபர்ட் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "ஏசப்பா, ஏசப்பா" என்று முணுமுணுத்தான். முன்பின் தெரியாத ஒருத்தருடைய அப்பாவுக்காக இவ்வளவு உருகிச் செபிக்கிறானே என்று ஆண்டி அவன் கையை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

மார்பளவு வந்தது. அப்போது தண்ணீருக்குள் எதுவோ ஆண்டியின் கெண்டைக்காலைச் சுற்றிற்று.

வழவழவென்று. நீளமாக.

"சார்! பா... பாம்பு!"

ராபர்ட் ஒரே தாவலில் ஆண்டியின் முதுகில் ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொண்டான். பாம்பு பின்னாலிருந்து கடித்துவிடாமல் தன்னைக் காக்கத்தான் இப்படி முதுகை மறைக்கிறான் என்று நினைத்த ஆண்டிக்கு எங்கிருந்தோ ஒரு வேகம் வந்தது. சுற்றியதைக் காலால் உதறினார். மேலே மிதந்து வந்தது, யாரோ எப்போதோ விட்ட சேலைக் கிழிசல்.

"அப்பா, போய்ட்டு வா" என்று கலயத்தைத் தண்ணீரில் வைத்து, அழுத்தி விட்டார். தண்ணீர் உள்ளே ஏறும் சத்தம் குடுகுடுவென்று கேட்டது. கலயம் சாய்ந்தது, அமிழ்ந்தது. காத்திருந்தார். திரும்ப வரவில்லை.

மூன்று முழுக்கு போட்டார். முதுகில் இருந்ததால் ராபர்ட்டும் மூன்று முழுக்கு போட்டான்.

கரையேறியதும் இரண்டு பேரும் மணலில் விழுந்தார்கள். மணி பதினொன்று ஐம்பத்தாறு. அக்கா அழுதாள். மணவாளன், "நான் அப்பவே சொன்னேன், ஒண்ணுமில்லன்னு" என்றார்.

ஆண்டி எழுந்து ராபர்ட்டின் இரண்டு கையையும் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "சார், நீங்க இல்லன்னா எங்கப்பா இன்னும் கரையிலயே கெடந்திருப்பாரு. நீங்க முதுகுல நின்னீங்க பாருங்க, அந்தத் தைரியத்துலதான் விட்டேன்."

ராபர்ட் வாயிலிருந்து தண்ணீர் மட்டும்தான் வந்தது.

அந்த நேரம் சவுக்குத் தோப்புப் பக்கமிருந்து சாப்பாட்டுக் கூடையோடு ஒரு பெண் வந்தாள். ராபர்ட்டின் மனைவி வெண்மதி. புருஷன் தலை முதல் கால் வரை நனைந்து கிடப்பதைப் பார்த்ததும் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"அய்யய்யோ, யாருங்க இவர தண்ணியில எறக்கினது? நீச்சல் தெரியாத மனுஷன்ங்க! யாராச்சும் எறங்கினா காப்பாத்தத் தானும் எறங்கணுமேன்னுதான ஆறு மாசமா மீன் பேரா சொல்லி எல்லாரையும் கரையிலயே நிறுத்தி வச்சிருந்தாரு!"