எஸ்பானியாக் கோயிலுக்கு நான் பூசிய சுவர்

தோல் பதனிடும் கிடங்கில் வேலை செய்கிறவனுக்கு மூக்கு என்பது முகத்துக்கு ஓர் அலங்காரம், அவ்வளவுதான். முதல் மாதம் அது அழும். அடுத்த மாதம் ராஜினாமா செய்துவிடும். ஆம்பூர்க் கிடங்கில் நான் தொட்டி மேஸ்திரியாக இருந்த காலத்தில் என் மூக்கு மூச்சு விடுவதற்கு மட்டுமே உழைத்தது. (மூளை அதற்குக்கூட உழைக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது.)

அணைக்கட்டுப் பக்கத்தில் ஒரு பழைய மாதா கோயில் உண்டு. எந்தக் காலத்திலோ ஸ்பெயின் என்கிற எஸ்பானியா தேசத்திலிருந்து வந்த சாமியார் ஒருவர் கட்டியது. அவரையும் பீடத்துக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்திருந்தார்கள். பிரசவ வலி, பேதி, காணாமல் போன மாடு எதுவானாலும் ஊரார் அந்தக் கல்லறையில்தான் முறையிடுவார்கள். ஒரு நாள் பூமி ஆடியது. கோயிலின் தென் சுவர் மேலிருந்து கீழ் வரை பிளந்தது. கல்லறை மூடியிலும் ஒரு கீறல். அந்தக் கீறலிலிருந்து மல்லிகை வாசனை வருகிறது என்று கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் ஞானப்பிரகாசம் சத்தியம் செய்தார். புனிதர்களின் உடல்தான் அப்படி மணக்குமாம். சாமியாருக்குப் புனிதர் பட்டம் வாங்கித் தருவதுதான் அவருடைய வாழ்நாள் ஆசை.

கேட்க வேண்டுமா? சுற்று வட்டாரமே வண்டி கட்டிக்கொண்டு போனது. நானும் போனேன். சட்டைக்குள் இருந்த தோல் நாற்றத்தை மறைக்க அத்தர் அப்பிக்கொண்டு போனேன். (கிடங்குத் தோஸ்த் ஒருவன் கொடுத்தது. இரண்டு நாற்றமும் சேர்ந்து மூன்றாவதாக ஒன்று பிறந்ததாகப் பின்னால் சொன்னார்கள்.)

எல்லோரும் கல்லறையை முகர்ந்தார்கள். நான் சுவர் விரிசலில் கண் வைத்துப் பார்த்தேன். அந்தப் பக்கம் கிணற்றடியில் ஒரு பெண் நின்றாள். அவளும் என்னைப் பார்த்தாள்.

"இன்னா, விரிசல்ல பேய் கண்ணு மாதிரி ஒண்ணு தெரியுது!" என்று கத்தினாள்.

உபதேசியாரின் மகள் ரோசம்மா. ஒரு மாதம் யோசித்து, ஆள் விட்டுப் பெண் கேட்டேன். பதில் ஒரே மூச்சில் வந்தது: "சாம்பிராணிப் புகையில வளந்த பொண்ண தோல் தொட்டியில தள்ளுவேனா? வேற வேலையப் பாக்கச் சொல்லு."

அந்தச் சமயத்தில்தான் திருவிழாவுக்கு பிஷப் என்கிற மேற்றிராணியாரே வந்து கல்லறையைச் சோதிக்கப் போவதாகச் செய்தி வந்தது. அதற்குள் சுவரை அடைக்க வேண்டும். பழைய சுவருக்குப் பழைய மாதிரிதான் கலவை: சுண்ணாம்பு, மணல், வெல்லம், கடுக்காய்த் தண்ணீர். கடுக்காய் கிடைக்காமல் உபதேசியார் பேஜாராகி நிற்கிறார் என்று கேள்விப்பட்டு ஓடினேன்.

"கடுக்காய்த் தண்ணிதானே? தோல் ஊறப்போட எங்க கிட்ட தொட்டி தொட்டியா கீது. ஒரு பைசா வாணாம்."

அவர் என்னை முதல் தடவையாக முகம் சுளிக்காமல் பார்த்தார். "சுவரு நின்னுச்சின்னா அப்புறம் பேசலாம், தம்பி."

இங்கேதான் என் மேதாவித்தனம் வேலை செய்தது. புதுக் கடுக்காயை இடித்து ஊறப்போட்டிருக்கலாம். "இது கோயில் காரியம், வீரியம் ஜாஸ்தியா இருக்கட்டும்" என்று, பல மாதங்களாகத் தோல் ஊறிய பழைய தொட்டித் தண்ணீரைப் பீப்பாய் பீப்பாயாக ஏற்றி அனுப்பினேன். கொத்தனாரோ மூக்கில் எப்போதும் பொடி அடைத்திருக்கிறவர். மூக்கில்லாத இரண்டு பேர் சேர்ந்து, திருவிழாவுக்கு முந்தின நாள் மாலை அந்தச் சுவரைப் பூசி முடித்தோம். கண்ணாடி மாதிரி பளபளத்தது.

மறுநாள் கோயிலில் ஊசி விழ இடமில்லை. வெயில் ஏறியது, ஈரச் சுவர் வேர்க்க ஆரம்பித்தது. முதலில் குழந்தைகள் அழுதன. பிறகு பெண்கள் முந்தானையை மூக்கில் வைத்தார்கள். தெரு நாய்கள் நாலைந்து பக்தியோடு உள்ளே வந்து சுவரோரம் உட்கார்ந்தன. நான் ஒருவன்தான் நிம்மதியாக ஜெபித்துக்கொண்டிருந்தேன்.

பூசை முடிந்து மேற்றிராணியார் கல்லறையருகே குனிந்தார். நிமிர்ந்தபோது கைக்குட்டை மூக்கில் இருந்தது.

"உபதேசியாரே, இதுதான் உங்க மல்லிகையா?"

உபதேசியாரின் முகம் சுண்ணாம்பானது. "ஆண்டவரே... போன வாரம்கூட..."

"உள்ள இருக்கறவர் புனிதரான்னு இனிமே கேக்க வேணாம். சீக்கிரம் மூடுங்க."

கூட்டத்தில் ஒரு கிழவி, "ஐயோ, நம்ம சாமியாரு அழுகிட்டாரே!" என்று ஓலமிட்டாள். ஊரே சேர்ந்துகொண்டது. உபதேசியார் கல்லறை மேல் கை வைத்துக் குழந்தை மாதிரி தேம்பினார். அந்தக் கணத்தில்தான் எனக்குச் சுவர் ஞாபகம் வந்தது. பேசாமல் இருந்தால் பெண் கிடைக்கலாம். பேசினால் அந்தச் சாமியார் பெயர் பிழைக்கும். எழுந்து நின்றேன். தொட்டி, தோல், கடுக்காய் எல்லாவற்றையும் வரிசையாக விளக்கத்தான் வாய் திறந்தேன். பயத்தில் வந்தது இவ்வளவுதான்:

"ஆண்டவரே, நாறுறது சாமியார் இல்ல! நான்தான்!"

பக்கத்திலிருந்தவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். மேற்றிராணியார் என்னிடமிருந்து சுவருக்கும், சுவரிலிருந்து நாய்களுக்கும் பார்வையை ஓட்டினார். கைக்குட்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமல் என்று உபதேசியார் இன்றுவரை சாதிக்கிறார்.

சாமியாரின் விசாரணை தள்ளிவைக்கப்பட்டது. (தள்ளியே கிடக்கிறது. மேற்றிராணியார் அலுவலகத்தில் எல்லாவற்றையும் நித்தியத்தின் கணக்கில்தான் பார்ப்பார்கள் போலிருக்கிறது.) சுவரைக் கொத்திவிட்டு வேறு பூச்சு பூசினார்கள். என் கல்யாணப் பேச்சும் அதோடு கொத்தப்பட்டது என்றுதான் நினைத்தேன். ரோசம்மா வீட்டில் அடம் பிடித்தாளாம்: "அம்மாம் ஜனத்துக்கு நடுவுல எழுந்து, நாத்தம் என்னுதுன்னு சொன்ன ஆம்பள வீட்ல பொய் சொல்ல மாட்டாம்ப்பா." தினம் இரண்டு வேளைக் குளியல் என்ற நிபந்தனையோடு உபதேசியார் சம்மதித்தார்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாரும் எந்தத் தப்பையும் வேறு வார்த்தையில் ஒப்புக்கொள்வதில்லை. பானை உடைந்தாலும் சரி, பிள்ளை படுக்கையை நனைத்தாலும் சரி. போன வாரம் வீடெல்லாம் பருப்பு தீய்ந்த புகை. என்னவென்று கேட்டதற்கு, இத்தனை வருஷத்தில் என்னிடம் ஒரு தப்பையும் ஒப்புக்கொள்ளாத ரோசம்மா, அடுப்பங்கரையிலிருந்து தலையை மட்டும் நீட்டினாள்:

"சாமியார் இல்ல. நான்தான்."