கை நனைத்து வாங்கிய கார்

சென்னிமலை,
செவ்வாய்க்கிழமை.

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை நிதீஷ் அவர்களுக்கு, மாமன் வெள்ளியங்கிரி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் மலைமேல் இருக்கிற முருகன் புண்ணியத்தில் நலமாக இருக்கிறோம். இதில் அத்தையின் முழங்கால் சேர்த்தி இல்லை. அங்கே நீங்களும் என் மகள் மௌனிகாவும் நலம்தானே? புது வீட்டுக்கு வர்ணம் அடித்து முடிந்ததா, குழாயில் தண்ணீர் வந்ததா என்று போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் நான் போனில் பேசினால் அடுத்த தெருத் தறிக்காரர் பதில் சொல்கிறார். இந்தச் சமாசாரம் உங்கள் அத்தை காதில் விழக் கூடாது, அதனால்தான் கடிதம். பத்தாம் வகுப்பை இரண்டு முறை படித்தவன் என்பதால் பிழை கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும்.

சமாசாரம் கார்தான். வெள்ளிக்கிழமை உங்கள் புது வீட்டில் பால் காய்ச்சு. இங்கிருந்து பெருந்துறைக்கு ஒரு பஸ், அங்கிருந்து காந்திபுரத்துக்கு ஒரு பஸ், சரவணம்பட்டிக்கு ஒரு டவுன் பஸ் என்று ஏறி இறங்க அத்தையின் முட்டி இடம் கொடுக்காது. ஆடிக்கு அப்புறம் அவள் மகளைப் பார்க்கவே இல்லை. வாடகைக் கார் பிடிக்கலாம் என்றால், "வேண்டாங்க. வெயிட்டிங் சார்ஜ் ஓடுது ஓடுதுன்னு என்னைய அரை மணியில கெளப்பிப்போடுவீங்க. நான் புள்ளைய பாக்கப் போறனா, மீட்டரப் பாக்கப் போறனா?" என்கிறாள். சின்னக் காரும் ஆகாது. போன மாதம் ஒரு கல்யாணத்துக்கு அப்படி ஒன்றில் போனோம். கிணற்றில் இறங்குகிற மாதிரி இறங்கி, கிணற்றிலிருந்து ஏறுகிற மாதிரி ஏறினாள். ஆகவே பெரிய வண்டி, உயரமான வண்டி, நம் சக்திக்குப் பழைய எஸ்.யூ.வி. ஒன்று என்று நீங்களும் நானும் பேசி முடிவு செய்தோம். அந்த 'உயரமான' என்ற சொல்லுக்குக் கீழே ஒரு கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு ஆகும்.

பழைய வண்டியை எப்படிப் பார்ப்பது என்று நீங்கள் போனில் அனுப்பிய குறிப்புகளைப் படித்த மாதிரி நான் பரீட்சைக்குக் கூடப் படித்ததில்லை. மீட்டரை நம்பாதே, பெடல் ரப்பரைப் பார். டயரின் வயதைப் பார். கதவுக்குக் கதவு பெயிண்ட் ஒரே நிறமா பார். அடியில் குனிந்து துருவைப் பார். என்ஜின் ஆறிக் கிடக்கும்போது ஸ்டார்ட் செய்து புகையைப் பார். இதை எல்லாம் மனதில் ஓட்டிக்கொண்டுதான் கோயமுத்தூரில் கார் கன்சல்டிங் கடைகளில் ஏறி இறங்கினேன். எந்த வண்டியின் மீட்டரைப் பார்த்தாலும் அறுபதாயிரத்துச் சொச்சம், ஒரே வாத்தியாரிடம் காப்பி அடித்த பிள்ளைகள் மாதிரி. ஒன்றில் பிரேக் பெடல் ரப்பர் கோயில் படிக்கட்டாகத் தேய்ந்து கிடந்தது. என்னப்பா இது என்று கேட்டால், "ஓனர் ஒரு டாக்டருங்ண்ணா. ஊட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டுந்தான் ஓட்டுனாரு. பிரேக்குல கால வெச்சே பழக்கமுங்ண்ணா" என்றார் கடைக்காரத் தம்பி. அடுத்த கடையிலும் டாக்டர், அதற்கடுத்த கடையில் டாக்டரம்மா. இத்தனை டாக்டர்களும் காரை விற்றுப்போட்டு இப்போது ஆஸ்பத்திரிக்கு எதில் போகிறார்கள் என்று தெரியவில்லை.

அப்போதுதான் நம்மிடம் பெட்சீட் எடுக்கிற வியாபாரி ஒருவர், பீளமேட்டில் வெங்கடபதி என்று ஒரு பெரியவர், மில்லுகளுக்கு உதிரிச் சாமான் செய்கிற பட்டறை வைத்திருந்தவர், தன் சொந்த வண்டியைக் கொடுக்கப்போகிறார் என்று சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே போய்விட்டேன். வண்டி வாசலில் மாவிலை கட்டாத குறையாக நின்றது. நான் நீங்கள் சொன்னபடி முதல் வேலையாக பானெட்டில் கையை வைத்தேன், தோசைக்கல் மாதிரி சுட்டது. மாப்பிள்ளை சொன்ன திருட்டுத்தனம் இதுதான், முன்கூட்டியே சூடு பண்ணி வைத்திருக்கிறார்கள் என்று முறைத்தேன். அவருடைய வீட்டம்மா கனகம் வெளியே வந்து, "கடைசியா ஒருக்கா மருதமலைக்குப் போயிட்டு வந்தோமுங்ண்ணா. இவருதான் வண்டிக்கும் ஒரு கும்புடு போட்டுட்டு அனுப்பலாமுன்னாரு" என்றார்கள். எனக்கு முறைத்த முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இருந்தாலும் உங்கள் சொல் மீறக் கூடாது பாருங்கள், என்ஜின் ஆறுகிற வரைக்கும் காத்திருக்கிறேன் என்றேன். மாப்பிள்ளை, நான் சறுக்கிய இடம் அதுதான். என்ஜின் ஆறுவதற்குள் அவர்கள் வீட்டில் குக்கர் விசில் அடித்துவிட்டது.

காத்திருந்த நேரத்தில் மீட்டரைப் பார்த்தேன். இரண்டு லட்சத்துப் பன்னிரண்டாயிரம்! அறுபதாயிரத்தை நம்பாதே என்றுதான் குறிப்பில் இருக்கிறது, இரண்டு லட்சத்தை என்ன செய்வது என்று நீங்கள் எழுதவில்லை. பெடல் தேய்ந்திருந்தது, ஸ்டியரிங் மினுமினுத்தது, மீட்டரோடு எல்லாம் ஒத்துப்போனது. "லிட்டருக்கு என்ன கொடுக்குதுங்க?" என்றேன். "நான் கேட்டதில்லீங்க, அதுவும் சொன்னதில்ல. பதினொண்ணு பன்னெண்டு இருக்கும்" என்றார் வெங்கடபதி. நான் குறை கண்டுபிடிக்க வாயைத் திறப்பதற்குள் அவர்களே சொல்லிக்கொண்டு போனார்கள். இடது பின்கதவு ஒருமுறை அடி வாங்கி டிங்கரிங் பார்த்தது. காலையில் இரண்டாவது கியர் கொஞ்சம் அடம் பிடிக்கும். ஏ.சி. இடது பக்கம்தான் குளிரும். "நான் அங்க உக்காந்துக்குவேனுங்ண்ணா, இவரு வேர்த்துட்டே ஓட்டுவாரு" என்று கனகம் அம்மா சிரித்தார்கள்.

அதற்கப்புறம் பரீட்சை எனக்கு ஆரம்பித்தது. "ஏனுங்க, வண்டிய எங்க நிறுத்துவீங்க?" என்றார் வெங்கடபதி. தறிக் கொட்டகையில் என்றேன். "மேல ஓடுங்களா, தகரமுங்களா?" ஓடு என்றேன். "நீங்களே ஓட்டுவீங்களா? வேற ஆளு கைய வெப்பாங்களா?" பெட்சீட் கட்டு ஏற்றிய டெம்போவை இருபது வருஷம் ஓட்டினவன் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. "பின்சீட்ட மடக்கிப்போட்டு இதுலயும் கட்டு ஏத்துவீங்களோ?" "சேச்சே, இல்லீங்க!" ஏற்றலாம் என்ற நினைப்பு அந்த நிமிஷம் வரை எனக்கு இருந்தது உண்மை. வண்டியைப் பார்க்கப் போன நான் தலையைக் குனிந்து கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டு நின்றேன். உங்கள் அப்பா முதல்முதலாக எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்த அன்று மௌனிகா இவ்வளவு பயப்படவில்லை.

அந்த நேரம் பார்த்து கனகம் அம்மா இலையைப் போட்டுவிட்டார்கள். "வாங்ண்ணா, ஒரு வாய் சாப்புட்டுத்தான் போகோணும்." நமக்குத் தெரியாதா மாப்பிள்ளை, பேச்சு முடியும் முன்னே அந்த வீட்டில் கை நனைக்கக் கூடாது என்று? உங்கள் அப்பா அன்றைக்குக் காபியோடு எழுந்து, "சோறு அப்பறம் பாத்துக்கலாமுங்க" என்று சொன்னபோது நான் வாசல் வரை அவர் பின்னாலேயே ஓடினேனே! அதை நினைத்து நானும், "வேண்டாங்க அம்மணி, வெல பேசிப்போட்டு..." என்று இழுத்தேன். ஆனால் இலையில் விழுந்தது அரிசிம்பருப்பு சோறு. சுடச்சுட. மேலே நெய். பக்கத்தில் அப்பளம். வாய் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே கை நனைந்துவிட்டது.

சாப்பிட்ட வீட்டில் விலை குறைத்துக் கேட்பது எப்படி? நாலு லட்சம் என்று வியாபாரி முன்பே சொல்லியிருந்தார். மூன்றேகாலில் ஆரம்பிக்கச் சொல்லியிருந்தீர்கள். நான் கை கழுவிக்கொண்டு, "நாலே குடுத்தறனுங்க" என்றேன். அவர் பதறிப்போனார். "இல்லீங்க, ஏ.சி.க்கு செலவு வரும். நீங்க மூணே முக்கா குடுங்க." "சோறு உண்டுபோட்டு கொறைச்சா நல்லாருக்குங்களா? நாலு." "சொந்தக்கார ஒறம்பர மாதிரி வந்துட்டீங்க, உங்ககிட்ட அதிகம் வாங்குனா நல்லாருக்குங்களா? மூணரை." அவர் கீழே போகிறார், நான் மேலே போகிறேன். விட்டிருந்தால் அவர் இலவசமாகக் கொடுத்திருப்பார், நான் வீட்டை எழுதி வைத்திருப்பேன். கடைசியில் கனகம் அம்மா, "ரெண்டு பேரும் சித்த நிறுத்துங்க. மூணு தொண்ணூறு. போயி கையெழுத்துப் போடுங்க" என்று முடித்து வைத்தார்கள். நீங்கள் தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் இங்கே கேட்கிறது. என்ஜினும் அதற்குள் ஆறியிருந்தது. ஸ்டார்ட் செய்தபோது பெயருக்குக்கூடப் புகை இல்லை. வண்டியில் ஒரு குறையும் இல்லை மாப்பிள்ளை. கிளம்பும்போது வெங்கடபதி மட்டும் வெளியே வரவில்லை. உள்ளே ஏதோ தேடுகிறாராம்.

இனிமேல்தான் சமாசாரம். வண்டி வீட்டு வாசலில் வந்து நின்றது. அத்தை பட்டுச்சேலை கட்டி எலுமிச்சம்பழத்தோடு தயாராக நின்றாள். கதவைத் திறந்தேன். அவள் வலது காலைத் தூக்கிப் பார்த்தாள், பாதி தூரம்தான் வந்தது. இடது காலைத் தூக்கினாள், அது அந்தப் பாதியும் வரவில்லை. பக்கத்து வீட்டு சாஜிதா பேகம், பெட்சீட்டுக்கு ஓரம் தைக்கிறவர், ஓடி வந்து பின்னாலிருந்து தள்ளினார். நான் உள்ளே இருந்து இழுத்தேன். மூன்று பேருக்கும் சிரிப்பு வந்து பிடி நழுவியது. அப்புறம் அத்தை சிரிப்பை நிறுத்தினாள். "கார் நல்லாத்தானுங்க இருக்குது. நான்தான் பழசாப் போயிட்டேன். மீட்டரத் திருப்பி வெக்கிற ஆளு யாராச்சும் இருந்தா என்ற முட்டிக்கு ஒருக்கா பாக்கச் சொல்லுங்க" என்று சொல்லிப்போட்டு உள்ளே போய்ச் சேலையை மாற்றிக்கொண்டாள். அதற்கப்புறம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பெடலைப் பார்த்தேன், டயரைப் பார்த்தேன், மண்ணில் படுத்து அடியில் துருவைப் பார்த்தேன். யாருக்காக வாங்குகிறேனோ அவள் கால் எவ்வளவு தூக்கும் என்று பார்க்கவில்லை. உங்கள் குறிப்பில் அது இல்லை என்று சொல்ல மாட்டேன். முப்பத்திரண்டு வருஷம் கூட இருந்தவன் நான்.

கால் வைக்கிற படி மாட்டலாமாம், சாமான் வரப் பத்து நாள் ஆகும் என்கிறார் மெக்கானிக். பால் காய்ச்சு வெள்ளிக்கிழமை. அதனால் நான் மட்டும் பஸ்ஸில் வந்து தலையைக் காட்டிவிட்டுத் திரும்புகிறேன். அத்தைக்குக் காய்ச்சல் என்று மௌனிகாவிடம் சொல்லிவிடுங்கள். முட்டி என்று சொன்னால் புள்ளை அழும். இன்னொன்று, இந்த வண்டியை நெட்டில் போட்டு எப்படியாவது விற்றுக் கொடுங்கள். வாங்க வருகிறவருக்கு மட்டும் நான் சோறு போடுவதாக இல்லை.

புது வீட்டில் பால் பொங்குவது போல உங்கள் இருவர் வாழ்வும் பொங்கட்டும். உங்கள் அப்பா அம்மாவுக்கு என் கும்பிடு.

இப்படிக்கு,
உங்கள் மாமன்,
வெள்ளியங்கிரி

பின்குறிப்பு: மேலே எழுதியது எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் படிக்கவும். தபால் ஆபீசுக்குக் கிளம்பிச் செருப்பைப் போடும்போது சாஜிதா பேகம் வந்து, "அண்ணா, நான் ஓரம் தைக்கிற குடோன்ல லாரிக்குக் கட்டு ஏத்துற மேடை இருக்குதுல்ல? வண்டிய அதை ஒட்டி நிறுத்துங்க. கட்டு போற எடத்துல அக்கா போக மாட்டாங்களா?" என்றார். "நான் என்ன கட்டா?" என்று அத்தை கோபித்துக்கொண்டாள், ஆனால் அதற்குள் பட்டுச்சேலை கட்டியாகிவிட்டது. மேடையிலிருந்து ஒரே எட்டு, சீட்டில் மகாராணி மாதிரி உட்கார்ந்துவிட்டாள், அதுவும் ஏ.சி. குளிர்கிற இடது பக்கம். ஆக வண்டி விற்பனைக்கு இல்லை, காய்ச்சலும் இல்லை. வியாழக்கிழமையே வருகிறோம், இந்தக் கடிதத்தையும் கையிலேயே கொண்டு வருகிறேன். அங்கே எப்படி இறங்குவாய் என்று கேட்டேன். "எறங்க ஒரு முக்காலி போதுமுங்க" என்றாள். சரி, திரும்பி ஏறுவதற்கு மேடை வேண்டுமே என்றேன். "அதுக்கு இப்ப என்னங்க அவசரம்?" என்கிறாள். உங்கள் அடுக்குமாடியில் அப்படி மேடை எதுவும் இல்லை என்பதை மௌனிகாவிடம் முன்னாலேயே போனில் கேட்டு வைத்துக்கொண்டாளாம்.