பங்குச்சாமி சீட்டு

“வலிக்கதுனால மாத்திரை போடுதியாப்பா, மாத்திரை போடாததுனால வலிக்கா?” என்று ஆறு வயது மகள் அனிஷா ஒருநாள் கேட்டாள். ரோச் சிரித்துவிட்டு, “தண்ணி எடுத்துட்டு வா” என்றான்.

இன்று மருந்துக்கடையில் அதைவிடக் கஷ்டமான கேள்வி.

“சீட்டு எங்கலே?” என்றார் கடைக்காரர் சிவசுப்பிரமணியன்.

“சீட்டா? நான் என்ன ஏலச்சீட்டா புடிக்கேன் அண்ணாச்சி? ரெண்டு வருசமா கேக்காமதான குடுத்தீய?”

“அது என் தப்பு. இனிமே சீட்டு இல்லாம அந்த மாத்திரைய விக்கக் கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிட்டாவ.”

வலை இழுத்து இழுத்துப் பிடித்துக்கொண்ட முதுகு. மாத்திரை உள்ளே போகாவிட்டால் முதுகு எரியும், கை நடுங்கும். நடுங்குகிற கையோடு நாளைக் காலை வள்ளம் ஏற முடியாது.

திரேஸ்புரத்தில் ரோச்சுக்குத் தெரிந்த சீட்டு ஒன்றுதான். ஞானஸ்நானம், கல்யாணம், அனிஷாவின் பள்ளிக்கூடம் எல்லாமே மாதா கோயில் பங்குச்சாமி எழுதித் தரும் சீட்டில்தான் நடந்தன. நேராகச் சாமியார் பங்களாவுக்குப் போனான்.

அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்த சாமியார், ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டுக் கொடுத்தார். ரோச் படிக்கவில்லை. சாமியார் அடுத்தவருக்கு எழுதியதைப் படிப்பது, அடுத்தவர் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தை ஒட்டுக்கேட்பது மாதிரி.

அண்ணாச்சி படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இது டாக்டர் சீட்டு இல்லலே.”

“சாமி சீட்டுல கல்யாணமே நடக்கு. ஒரு மாத்திரை நடக்காதா?”

“உக்காரு. மோர் குடி.”

டாக்டர் சீட்டுக்கும் சாமி சீட்டுக்கும் முத்திரைதான் வித்தியாசம் என்று ரோச்சுக்குத் தோன்றியது. திரும்பிப் போனான். சாமியார் சந்தோஷமாக ஊதா முத்திரை குத்தி, “நாலு கடையில காட்டுப்பா” என்றார்.

அடுத்த கடைக்காரர், ஊரே ‘காக்கா’ என்று அண்ணன் முறை சொல்லும் மக்தூம், படித்துவிட்டு நாலு பேரீச்சம்பழம் தந்தார். மூன்றாவது கடையில் டீயும் பன்னும். நான்காவது கடையில் இளநீர் வாங்கிக் கொடுத்து, முதுகில் தைலமும் தேய்த்துவிட்டார்கள். வயிறு முட்டிவிட்டது. மாத்திரை மட்டும் வரவில்லை.

மக்தூமிடமே திரும்பி ஓடினான்.

“காக்கா, இந்தச் சீட்டுக்கு எல்லாரும் தீனி போடுதாவ, மருந்து தர மாட்டுக்காவ!”

மக்தூம் கடையைப் பாதி சாத்திவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார். “ஏறு. இது செல்லுபடியாகுற எடம் ஒண்ணு இருக்கு.”

அரசு ஆஸ்பத்திரி. டாக்டர், ஒரு நோயாளியின் காலில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். “என்ன லெட்டர்ம்மா அது? படி” என்றார்.

நர்ஸ் சந்தனச்செல்வி, ரோச் நீட்டிய உறையிலிருந்து எடுத்து உரக்கப் படித்தாள்:

“‘இதைக் கொண்டுவருபவர் நல்ல மனிதர். கேட்கிற மாத்திரையைக் கொடுக்காதீர்கள், வெறுங்கையோடும் அனுப்பாதீர்கள். ஒரு டாக்டரிடம் போய்ச் சேரும்வரை அன்பாகப் பார்த்துக்கொள்ளுங்கள். நானும் இதே மாத்திரையில் நாலு வருடம் கிடந்து எழுந்தவன்.’”