செராங்கூன் சாலையில் பனிச்சறுக்கு

செல்வி, குமார், நீங்கள் இருவரும் என்னைக் கிண்டல் செய்யும் கதை உங்கள் அம்மா சொன்னது. அதில் பாதி அவள் அள்ளிப் போட்ட மசாலா. அந்த வெள்ளிக்கிழமை அவள் அங்கே இல்லவே இல்லை. விழுந்தவன் நான். அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

அறுபதுகளின் கடைசியில், சிங்கப்பூர் செராங்கூன் சாலையில் ஒரு ராவுத்தர் நடத்திய பயணச்சீட்டுக் கடையில் நான் கிளார்க். எங்கள் வியாபாரமெல்லாம் நாகப்பட்டினக் கப்பல்தான். ஒருநாள் ரப்பர் கம்பெனி வெள்ளைக்காரத் துரை ஒருவர் வந்தார். தென்னமெரிக்காவில் சிலி என்றொரு நாடாம். அங்கே ஆண்டீஸ் மலைமேல் ஓர் ஓட்டலாம். ஜூலை மாதம் அங்கே போய்ப் பனியில் சறுக்க வேண்டும், ஏற்பாடு செய்யுங்கள் என்றார்.

முதலாளி அசரவில்லை. "எந்த ஊரா இருந்தா என்ன தம்பி? டிக்கெட்டு டிக்கெட்டுதானே. நீ பாத்துக்க லா," என்று என்னிடம் தள்ளிவிட்டார்.

நான் துரைக்கே பாடம் எடுத்தேன். ஜூலையில் வெயில்தான் அடிக்கும், குளிரெல்லாம் மார்கழியில்தான் என்றேன். (சிங்கப்பூரை விட்டு நகராதவன் பேசிய பேச்சைப் பாருங்கள்!) பூமியின் கீழ்ப்பாதியில் மாதங்கள் தலைகீழ் என்று அவர் பொறுமையாக விளக்கினார். லண்டன் வரை விமானம், அங்கிருந்து இன்னொன்று, பிறகு ரயில் என்று நான் வரைபடத்தில் கோடு போட ஆரம்பித்தேன். கொஞ்ச நாளில் டீக்கடையில்கூட ஆண்டீஸ் பற்றித்தான் பேச்சு. என்னைக் கண்டாலே டீ ஆற்றுகிறவர் திரும்பிக்கொள்வார்.

அந்தச் சமயத்தில்தான் எனக்குப் பெண் பார்த்தார்கள். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப் போயிருந்தது. மூன்றாவதாக வந்த போட்டோ உங்கள் அம்மாவுடையது. அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். இதுவும் போய்விடுமோ என்று சோறு இறங்கவில்லை.

சித்தப்பா வேறு பயமுறுத்தினார். "டேய், ஞாயித்துக்கிழமை தோ பாயோவுக்குப் பொண்ணு பாக்கப் போறோம். பொண்ணோட அப்பா ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறாரு. மாப்பிள்ளை குடிக்கக் கூடாது. மூத்த மருமகன் கள்ளுக்கடையே கதின்னு கெடக்குறானாம்."

"நான் தொட்டதே இல்லையே சித்தப்பா."

"அது எனக்குத் தெரியும். உன் மூஞ்சியப் பாத்தா அப்படித் தெரியலையே! அவரு சொல்லாம கொள்ளாம வேலை செய்ற எடத்துக்கே வந்து பாக்குற ஆளு. ஜாக்கிரதை."

வெள்ளிக்கிழமை மதியம் முதலாளி தொழுகைக்குப் போயிருந்தார். கடையில் நான் மட்டும். மூலையில் துரையின் சறுக்குப் பலகைகள், ஆள் உயரத்தைத் தாண்டி நின்றன. பெட்டி செய்ய அளவெடுக்க வேண்டும் என்று பூட்ஸோடு விட்டுப் போயிருந்தார். பலகையின் அடியில் மெழுகு தேய்த்தால்தான் சறுக்கும் என்று அவர் சொன்னது ஞாபகம் வந்தது. கரண்ட் போனால் ஏற்றுவதற்குக் கல்லாவில் மெழுகுவத்தி இருந்தது. அப்புறம் என்ன, தேய்த்தேன். கல்லாவுக்குப் பின்னால் நின்று பூட்ஸை மாட்டிப் பலகைமேல் காலை வைத்தேன். குதிகாலில் இருந்த கம்பி டக்கென்று பூட்டிக்கொண்டது. குனிந்து கழற்றப் பார்த்தால் பூட்ஸ் கணுக்காலை வளையவிடவில்லை.

அந்த நேரம் பார்த்து வெள்ளைச் சட்டையும் குடையுமாக ஒருவர் உள்ளே வந்தார். யாரென்று உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை.

"நாகப்பட்டினம் கப்பல் எப்பங்க?" என்றார்.

"அடுத்த மாசம் ஐயா."

அவர் கல்லாமேல் சாய்ந்து என் முகத்தருகே வந்தார். நானும் முன்னால் சாய்ந்தால் பலகை நகர்ந்துவிடும். அதனால் பின்னால் சாய்ந்தேன். அவர் இன்னும் சாய்ந்தார். நானும்தான்.

"ஏந்தம்பி ஆடுறீங்க?"

"ஆடலீங்களே." (ஆடிக்கொண்டேதான் சொன்னேன்.)

"கண்ணு வேற செவந்திருக்கு?"

"மலை ஐயா. ராத்திரி பூரா மலைலதான் இருந்தேன்."

"எந்த மலை?"

வரைபடத்தில் பார்த்த மலை என்று விளக்க வாய் திறந்தேன். வாயோடு காலும் கிளம்பிவிட்டது. முதலாளி அருமையாகப் பாலிஷ் போட்டு வைத்திருந்த சிவப்புச் சிமெண்டுத் தரை அது. கல்லாவைச் சுற்றி நான் வெளியே வழுக்கி வர, "ஏய், ஏய்!" என்று அவர் கையை நீட்ட, அதை நான் இறுகப் பிடித்துக்கொள்ள, இருவருமாக வாசலைத் தாண்டினோம். கைவண்டிக்காகப் போட்டிருந்த சாய்வுப் பலகையில் இறங்கி, மாலை கட்டும் பாக்கியம் அக்காவின் மல்லிகைக் கூடையில் போய் விழுந்தோம். அவர் கீழே, நான் மேலே. முகத்தோடு முகம்.

"அட பாவி! தைப்பூசம் போயி எத்தன நாளாச்சு, இப்பப் போயி காலுக்குக் காவடியா?" என்று அக்கா கத்தினார்.

அந்தப் பெரியவர் என்னைத் தள்ளிவிட்டு எழுந்தார். தலையிலிருந்த பூவைத் தட்டிவிட்டு, குடையைப் பொறுக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தோ பாயோ வீட்டுக் கதவைத் திறந்தது அவரேதான். தாடையில் பிளாஸ்திரி. நான் சத்தமில்லாமல் மாடிப்படி பக்கம் திரும்பினேன். சித்தப்பா காலரைப் பிடித்து நிறுத்தினார்.

"வாங்க, வாங்க," என்றார் உங்கள் தாத்தா. "இன்னைக்குக் காலுல ஒண்ணும் இல்லையே?"

உள்ளேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. உங்கள் அம்மாவின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் நான் கேட்டது அந்தச் சிரிப்பைத்தான்.

நடந்ததைத் தாத்தாவே சித்தப்பாவிடம் சொன்னார். "ஆடுறாரு. கண்ணு செவந்திருக்கு. மலைங்கிறாரு. சரி, இதுவும் கள்ளுக்கடை கேஸுதான்னு முடிவு பண்ணிட்டேன். ஆனா விழுந்தப்ப என் மூக்கு நேரா இவரு வாய்கிட்ட. விடுவேனா? நல்லா இழுத்து மோந்து பாத்தேன். காலையில தின்ன தோசை வாசம்தான்."

சித்தப்பா சிரித்தபடி கேசரித் தட்டை என் பக்கம் தள்ள, தாத்தா தொடர்ந்தார்.

"குடிக்காமலே இப்படி விழுறவரு குடிச்சா தாங்குவாரா? அவருக்கே அது தெரியும். குடிக்க மாட்டாரு. எனக்குச் சம்மதம்."

துரையும் குறை சொல்லவில்லை. பலகையில் விழுந்த கீறலைத் தடவிப் பார்த்து, பனிக்குள் யாருக்குத் தெரியப்போகிறது என்று சிரித்துவிட்டுச் சிலிக்குப் போய் வந்தார். நம் வீட்டில்தான் இன்றுவரை விடவில்லை. நான் வாசற்படியில் கால் இடறினால் போதும், "அப்பா வாயை மோந்து பாருங்க!" என்று நீங்களே கத்துகிறீர்கள்.

அம்மாவுக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்று சித்தப்பா தேதி பேச உட்கார்ந்ததும், கொஞ்சம் காற்று வாங்கி வருகிறேன் என்று எழுந்து வெளியே வந்தேன். மாடிப்படியில் யாரும் இல்லை. உள்ளங்கையைக் குவித்து, வாயருகே வைத்து, ஊதி முகர்ந்து பார்த்தேன். கேசரி வாசம்தான். இன்னொரு தரமும் ஊதிப் பார்த்துவிட்டு உள்ளே போனேன்.