சான் ஹுவான் நாளில் ஒரு குடை

உலகப் போர் மூளுமா மூளாதா என்று பெரிய தலைகள் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருக்க, பிலிப்பைன்ஸில் எங்கள் சம்பாலஸ் கரையில் அந்தக் கவலையே தீர்ந்துபோனது. தீர்த்தவர் தாயத்துக்காரர் மாங் தெலெஸ்ஃபோரோ; ‘மாங்’ என்றால் எங்கள் பக்கத்தில் ‘ஐயா’. லத்தீன் எழுத்துப் பொறித்த அவருடைய பித்தளைத் தாயத்தைக் கழுத்தில் மாட்டினால் போதுமாம். நாங்கள் மீன் பிடிக்கும் நடுக்கடல் திட்டை மறித்து நிற்கும் பெரிய நாட்டுக் கப்பல்கள் நம் படகுகள்மேல் பீய்ச்சுகிற தண்ணீர், இரண்டு முழம் தள்ளியே விழுமாம். நாற்பது நாடுகள் கூடிப் பேசியும் அசையாத கப்பலுக்கு, நாலு எழுத்து லத்தீன்!

தாயத்துக்கு ஒரு கூடை களவா மீன். வாசலில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். மீன் பிடிக்க வழியில்லாதவர்கள், மீனைக் கொடுத்து வழி வாங்கினார்கள்.

கருவாடு விற்கும் பசிலிசா மட்டும் இதை நம்பவில்லை. போன மாதம் அந்தத் தண்ணீர் அவள் கணவன் ருஃபோவின் படகைப் பக்கவாட்டில் தாங்கும் ஒரு மூங்கில் கையை முறித்துப்போட்டது. அன்று விலகி ஓடிப் பிழைத்தான். இப்போது தாயத்து இருக்கிற தைரியத்தில், நாளைக்குக் கப்பலுக்கு நேரே போகப்போகிறானாம். அழுது பார்த்தாள். அவன் தாயத்தை முத்தமிட்டான்.

இது நடந்த அன்றுதான் சான் ஹுவான் என்னும் புனித யோவானின் திருநாள். தெருவில் யார் போனாலும் தலையில் ஒரு வாளித் தண்ணீர் விழும், பாதிரியாருக்கும் விலக்கில்லை. ஊரே நனைந்து கூத்தடிக்க, தெலெஸ்ஃபோரோ வீட்டுக் கதவு மட்டும் சாத்தியே கிடந்தது. பசிலிசா கூட்டத்தோடு போய், படகுகளை ஆசீர்வதிக்க வரும்படி பணிவாகக் கூப்பிட்டாள். வந்தார். சுள்ளென்ற வெயிலில் மழைக்கோட்டு மாட்டி, குடை பிடித்துக்கொண்டு!

கூட்டம் கெக்கலித்தது. தாயத்து எதிரித் தண்ணீரைத்தான் தடுக்கும், நம்மூர்த் தண்ணீரைத் தடுக்காது என்று அவர் விளக்கினார்.

"கப்பல்காரன் கடல்லேருந்துதானே மாங் உறிஞ்சி அடிக்கிறான்? இந்த வாளியிலயும் அதே கடல்தண்ணிதான்" என்றாள் வாளியோடு நின்ற பசிலிசா. "அது நம்ம கடல்னா, அவன் அடிக்கிறதும் நம்மூர்த் தண்ணி. தாயத்து தடுக்காது. அவன் கடல்னா, இது எதிரித் தண்ணி. குடையை மடக்குங்க."

அந்தக் கடல் அவனுடையது என்று அந்தக் கூட்டத்தின் நடுவே சொல்லிவிட்டு உயிரோடு வீடு திரும்ப முடியுமா? நம்முடையது என்றால் பிழைப்பு போச்சு. மாங் குடையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். அதற்குள் யாரோ குடையைப் பிடுங்க, வாளி கவிழ்ந்தது. உள்சட்டை வரை சொட்டச் சொட்ட நின்றார்.

விழுந்து விழுந்து சிரித்த ருஃபோ, சட்டென்று நிறுத்திக் கழுத்தைத் தடவிப் பார்த்தான். மறுநாள் அவன் கப்பல் பக்கமே போகவில்லை. கரையோரம் வலை விட்டான். தாயத்து வலையை அமிழ்த்தும் குண்டாகிவிட்டது, முதல்முறையாக ஒரு வேலைக்கு உதவியது.

கப்பல்கள் இன்னும் அங்கேதான் நிற்கின்றன. கழுத்தில் எதைக் கட்டலாம் என்று அலைகிறவர்களே, கழுத்துக்கு மேலே ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. அது வேலை செய்கிறதா என்று முதலில் பாருங்கள்.